கரையாத உப்பைத் தயாரிப்பது எப்படி? பெயரை விட்டுவிட்டு அயன்களைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சத்தைச் சோதனைக்குழாயில் எடுத்து, ஐதான (நீர் சேர்த்துச் செறிவு குறைத்த) நைத்திரிக் அமிலம் இரண்டு மூன்று துளி விட்டு, அதன்மேல் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைத் துளித்துளியாக விட்டுப் பாருங்கள். அதுவரை தெளிவாக இருந்த தண்ணீர் துளி விழுந்த இடத்திலேயே வெள்ளையாகக் கலங்கும். கடலுக்குக் கிட்டவுள்ள உவர்க் கிணறு என்றால் கலங்கலோடு நிற்காது, வெள்ளைத் திண்மம் திரண்டு அடியில் இறங்கும். விட்டதும் தெளிந்த திரவம், விடப்பட்டதும் தெளிந்த திரவம், அப்படியென்றால் இந்தத் திண்மம் எங்கிருந்து வந்தது? இதற்கு உங்களால் விடை சொல்ல முடிந்தால் 'கரையாத உப்புகளைத் தயாரித்தல்' என்ற பகுதியில் முக்கால்வாசி முடிந்த மாதிரித்தான். மிச்சம் வடிப்பதும் கழுவுவதும் உலர்த்துவதும்.

பல பிள்ளைகள் இந்தப் பகுதியைச் சமன்பாடுகளின் பட்டியலாகப் பாடமாக்குகிறார்கள். பேரியம் குளோரைட்டும் சோடியம் சல்பேற்றும் சேர்ந்தால் இது, ஈய நைத்திரேற்றும் பொற்றாசியம் அயடைட்டும் சேர்ந்தால் அது என்று ஒரு நீண்ட பட்டியல். பரீட்சையில் பட்டியலில் இல்லாத ஒன்று வந்தால் கை நின்றுவிடும். இது பாடமாக்க வேண்டிய விசயமே இல்லை. உப்பின் முழுப் பெயரைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, தண்ணீருக்குள் என்னென்ன அயன்கள், அதாவது நேர் அல்லது மறை ஏற்றமுள்ள துணிக்கைகள், நிற்கின்றன என்று மட்டும் பார்க்கப் பழகினால், பட்டியலை நீங்களே எழுதலாம்.

சாதாரண கறியுப்பு, அதாவது சோடியம் குளோரைட்டு, தண்ணீரில் கரைந்தபின் அங்கே 'சோடியம் குளோரைட்டு' என்று ஒன்றாகச் சுற்றித் திரிவது எதுவும் இல்லை. சோடியம் அயன்கள் தனியாகவும் குளோரைட்டு அயன்கள் தனியாகவும், ஒவ்வொன்றும் நீர் மூலக்கூறுகளால் சூழப்பட்டு, நகர்ந்துகொண்டிருக்கின்றன. வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலிலும் அப்படித்தான், வெள்ளி அயன் வேறு, நைத்திரேற்று அயன் வேறு. இரண்டு கரைசலையும் கலந்தால் பாத்திரத்துக்குள் நாலு வகை அயன்கள். இதில் நேர் அயன் எதுவும் எந்த மறை அயனையும் சந்திக்கலாம். சோடியமும் நைத்திரேற்றும் சந்தித்தால் ஒன்றும் நடக்காது, திரும்பப் பிரிந்து போய்விடும். ஆனால் வெள்ளியும் குளோரைட்டும் சந்தித்தால், அவை ஒன்றையொன்று இழுக்கும் விசையை வெல்ல நீர் மூலக்கூறுகளால் முடிவதில்லை. அவை அடுக்கடுக்காகச் சேர்ந்து திண்மமாகி வெளியே வருகின்றன. அதுதான் வீழ்படிவு. கிணற்றுத் தண்ணீரில் ஏற்கெனவே குளோரைட்டு அயன் கரைந்திருந்தது, நாங்கள் அதற்கு வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம், அவ்வளவுதான்.

முதலில் நைத்திரிக் அமிலம் விட்டதற்கும் காரணம் உண்டு. எங்கள் தண்ணீரில் குளோரைட்டு மட்டும் இல்லை, ஐதரசன்காபனேற்றும் நிறைய உண்டு. வெள்ளி காபனேற்றும் கரையாது, அதுவும் சேர்ந்து வீழ்ந்தால் எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் போகும். அமிலம் அந்தக் காபனேற்று வகைகளைக் காபனீரொட்சைட்டாக வெளியேற்றிவிடும். வெள்ளி குளோரைட்டை அது ஒன்றும் செய்யாது.

இந்தத் தாக்கத்தை எழுதும்போது சோடியத்தையும் நைத்திரேற்றையும் விட்டுவிட்டு, வெள்ளி அயனும் குளோரைட்டு அயனும் சேர்ந்து திண்ம வெள்ளி குளோரைட்டு என்று எழுதினாலே போதும். அதுதான் அயன் சமன்பாடு. விடுபட்ட இரண்டும் பார்வையாளர் அயன்கள், தொடக்கத்திலும் கரைசலில் நின்றன, முடிவிலும் அங்கேயே நிற்கின்றன. கறியுப்பைப் போட்டாலும் பொற்றாசியம் குளோரைட்டைப் போட்டாலும் ஐதரோகுளோரிக் அமிலத்தைப் போட்டாலும் வெள்ளி நைத்திரேற்றோடு வருவது அதே வெள்ளை வீழ்படிவு என்பது இப்போது அதிசயமாக இருக்காது. மூன்று தனித்தனிச் சமன்பாடு பாடமாக்கத் தேவையில்லை, நடப்பது ஒரே ஒரு தாக்கம். (அந்த வீழ்படிவை வெயிலில் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள், சாம்பல் கலந்த ஊதாவாகக் கறுக்கும். ஒளி வெள்ளி குளோரைட்டைப் பிரித்து வெள்ளி உலோகத்தை விடுவிக்கிறது. வெள்ளி உப்புகளின் இந்தக் குணத்தை வைத்துத்தான் பழைய பிலிம் சுருள்களில் படம் பிடித்தார்கள்.)

'கரையாது' என்று சொன்னால் ஒரு துளியும் கரையாது என்று எடுக்கக் கூடாது. 1 லீற்றர் நீரில் கறியுப்பு ஏறத்தாழ 360 கிராம் கரையும். வெள்ளி குளோரைட்டு ஏறத்தாழ 2 மில்லிகிராம்தான். பேரியம் சல்பேற்றும் அதே அளவுக்குக் கிட்டத்தான். இடையிலே சில உப்புகள் உண்டு, கல்சியம் சல்பேற்று லீற்றருக்கு 2 கிராமுக்குச் சற்று மேலே கரையும். ஆகவே ஐதான கரைசல்களைக் கலந்தால் அது வீழ்படிவு தராமலே போகலாம், செறிவானவற்றைக் கலந்தால் தரும். பாடப் புத்தகத்தில் 'அருமையாகக் கரையும்', அதாவது மிகக் குறைவாகவே கரையும், என்று போட்டிருப்பது இப்படிப்பட்டவற்றைத்தான்.

சரி, உப்புத் தயாரிக்க அமிலத்தோடு உலோகத்தையோ காபனேற்றையோ போடும் முறை ஏற்கெனவே படித்திருப்பீர்களே, இதற்கு ஏன் புது முறை? ஐதான சல்பூரிக் அமிலத்துக்குள் ஒரு சுண்ணாம்புக்கல் துண்டைப் போடுங்கள். முதலில் நுரைத்துக் குமிழி வரும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். கல்லும் மிச்சம், அமிலமும் மிச்சம், ஆனால் தாக்கம் நின்றுவிட்டது. உண்டான கல்சியம் சல்பேற்று நன்றாகக் கரைந்து போகாமல் கல்லின்மேலேயே படையாகப் படிந்து, உள்ளே இருக்கும் கல்லை அமிலம் தொடவிடாமல் மறைத்துவிடுகிறது. அதே கல்லை ஐதரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் முழுவதும் கரைந்து முடியும், ஏனென்றால் கல்சியம் குளோரைட்டு கரையக்கூடியது. ஈயத் துண்டை ஐதான சல்பூரிக் அமிலத்தில் போட்டாலும் ஈய சல்பேற்றுப் படை வந்து தடுத்துவிடும். விளைவு கரையாததாக இருந்தால் திண்மத்தில் தொடங்குவது வீண் வேலை. இரண்டு பக்கமும் கரைசலாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு அயனும் சுதந்திரமாக மற்றதைப் போய்ச் சந்திக்கும்.

இனி முக்கியமான இடம், எந்த இரண்டு கரைசல் என்பது. இதற்கு ஒரு வழி எப்போதும் கைகொடுக்கும். வேண்டிய உப்பை இரண்டாகப் பிரியுங்கள், நேர் அயன் ஒன்று, மறை அயன் ஒன்று. நேர் அயனுக்கு அதன் நைத்திரேற்றை எடுங்கள். மறை அயனுக்கு அதன் சோடியம் உப்பை எடுங்கள். இரண்டையும் கலவுங்கள், முடிந்தது. இது ஏன் பிழைக்காது என்றால், நைத்திரேற்றுகள் எல்லாமே கரையும், சோடியம், பொற்றாசியம், அமோனியம் உப்புகளும் பாடசாலையில் நீங்கள் காணும் அளவுக்கு எல்லாமே கரையும். அதனால் தொடங்கும் இரண்டும் நிச்சயமாகக் கரைசல், பக்கத்தில் உண்டாகும் சோடியம் நைத்திரேற்றும் கரைசலிலேயே நிற்கும். வீழ்வது நீங்கள் கேட்டது மட்டும்தான். ஈய சல்பேற்று வேண்டுமா, ஈய நைத்திரேற்றும் சோடியம் சல்பேற்றும். பேரியம் காபனேற்று வேண்டுமா, பேரியம் நைத்திரேற்றும் சோடியம் காபனேற்றும். வெள்ளி புரோமைட்டு என்று நீங்கள் கேள்விப்படாத ஒன்றைக் கேட்டாலும் பயமில்லை, வெள்ளி நைத்திரேற்றும் சோடியம் புரோமைட்டும்.

எது கரையாது என்று தெரிய ஒரு சிறு நினைவு தேவைதான். குளோரைட்டுகளில் வெள்ளியும் ஈயமும் கரையாதவை, மற்றவை பொதுவாகக் கரையும். ஈய குளோரைட்டு சுடுநீரில் ஓரளவு கரைந்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். சல்பேற்றுகளில் பேரியமும் ஈயமும் கரையா, கல்சியம் நடுவில் நிற்கும். காபனேற்றுகள் தலைகீழ்: சோடியம், பொற்றாசியம், அமோனியம் தவிர மற்றவை பெரும்பாலும் கரையா. ஐதரொட்சைட்டுகளும் அநேகமாக அப்படித்தான், ஆனால் அவை உப்பு அல்ல, அமிலத்தை நடுநிலையாக்கும் மூலங்கள். அவற்றையும் இதே முறையால் வீழ்த்தலாம் என்பதால் பாடத்தில் ஒன்றாக வருகின்றன. செப்பு ஐதரொட்சைட்டின் நீலமும் பெரிக் (இரும்பு) ஐதரொட்சைட்டின் செங்கபிலமும் ஒருமுறை கண்ணால் கண்டால் மறக்காது.

நைத்திரேற்று, சோடியம் என்ற வழியை விட்டுவிட்டு மனம்போல எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். பேரியம் சல்பேற்று வேண்டும் என்று பேரியம் ஐதரொட்சைட்டையும் செப்பு சல்பேற்றையும் கலந்தால், பேரியம் சல்பேற்று வெள்ளையாக வீழும், கூடவே செப்பு ஐதரொட்சைட்டு நீலமாக வீழும். வடிதாளில் இரண்டும் கலந்து கிடக்கும், கழுவிப் பிரிக்க முடியாது. பேரியம் சல்பேற்று உண்டானது உண்மைதான், ஆனால் உங்கள் கையில் இருப்பது தூய உப்பு இல்லை. செம்புக் காபனேற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. செப்பு சல்பேற்றோடு சோடியம் காபனேற்றைச் சேர்த்தால் வருவது ஐதரொட்சைட்டும் கலந்த மூல காபனேற்று. சாதாரண தரத்தில் அதைச் செப்புக் காபனேற்று என்று எழுதிவிட்டுப் போவார்கள், உயர்தரத்தில் இரசாயனம் எடுப்பவர்கள் மட்டும் இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

கரையாத உப்பு ஒன்றை எங்கள் வீடுகளில் நாள்தோறும் தயாரிக்கிறோம். சவர்க்காரம் என்பது சோடியம் ஸ்ரியரேற்று போன்ற நீண்ட சங்கிலி அமிலங்களின் சோடியம் உப்பு, சோடியம் உப்பு என்பதால் கரையும். யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புக்கல்லிலிருந்து கரைந்த கல்சியம் அயன்கள் நிறைய. இரண்டும் சந்தித்தால் கல்சியம் ஸ்ரியரேற்று, அது கரையாது. நுரை வராமல் தண்ணீரில் மிதக்கும் வெள்ளைத் திரளும், குளித்தபின் வாளி ஓரத்தில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிற அழுக்கும் அதுதான். கல்சியம் முழுவதும் இப்படி வீழ்ந்து முடியும்வரை சவர்க்காரம் நுரைக்காது, அதனால்தான் எங்களூரில் சவர்க்காரம் கெதியாகக் கரைந்து முடிகிறது. துணி ஊறவைக்கும் தண்ணீரில் சலவைச் சோடா போடுவதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. சலவைச் சோடா சோடியம் காபனேற்று. அதன் காபனேற்று அயன் கல்சியத்தைப் பிடித்துக் கல்சியம் காபனேற்றாக வீழ்த்திவிடும், பிறகு போடும் சவர்க்காரம் வீணாகாது. சோடியமும் நீண்ட சங்கிலி அயனும், கல்சியமும் ஐதரசன்காபனேற்றும் என்று நாலு அயன்களை எழுதி, எது எதோடு சேர்ந்தால் கரையாது என்று நீங்களே பார்த்தால், நான் மேலே சொன்ன வழி பாடப் புத்தகத்துக்கு வெளியிலும் வேலை செய்வது தெரியும்.

இந்தக் கல்சியம் காபனேற்றையே ஆய்வுகூடத்தில் தயாரிக்கலாம். விலை குறைவு, நஞ்சும் இல்லை, தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது. கல்சியம் குளோரைட்டுக் கரைசல், செறிவு 1 கன டெசிமீற்றருக்கு 0.2 மூல் (மூல் என்பது பதார்த்தத்தின் அளவைச் சொல்லும் அலகு), அதில் 50 கன சென்ரிமீற்றர் எடுத்தால் உள்ளே 0.01 மூல் கல்சியம் அயன். அதே செறிவுள்ள சோடியம் காபனேற்றுக் கரைசலில் 50 போதும், ஆனால் 60 விடுங்கள். கல்சியம் முழுவதும் வீழ்ந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்ல அந்த மிகை உதவும், மிஞ்சும் சோடியம் காபனேற்று கரையக்கூடியது, கழுவும்போது போய்விடும். முகவையில் கண்ணாடிக் கோலால் வடிவாகக் கலக்கி, கொஞ்சம் சூடாக்கி, பேசாமல் ஒரு பத்து நிமிடம் வையுங்கள். கலந்த உடனே வரும் துணிக்கைகள் மிகச் சிறியவை, வடிதாளின் துளைகளுக்குள்ளால் போகக்கூடியவை. சூட்டில் வைத்திருந்தால் சிறியவை கரைந்து பெரியவற்றில் படிந்து, வடிக்கக்கூடிய அளவுக்கு வளரும். பேரியம் சல்பேற்றில் இந்த இடத்தில் அவசரப்பட்டால் வடிதிரவம் கலங்கலாகத்தான் வரும்.

வடிதாளை நாலாக மடித்துப் புனலில் வைத்து, காய்ச்சிவடித்த நீரால் நனைத்து ஒட்டவிடுங்கள். கலவையைக் கோலின் வழியே ஊற்றுங்கள், தாளின் விளிம்புக்கு மேலே போகவிடாதீர்கள், போனால் வீழ்படிவு பக்கவாட்டால் கீழே இறங்கிவிடும். முகவையில் ஒட்டியிருப்பதையும் கொஞ்ச நீரால் அலசி ஊற்றுங்கள். கீழே சேரும் வடிதிரவத்தில் சோடியம் குளோரைட்டும் மிஞ்சிய சோடியம் காபனேற்றும் இருக்கும். மேலே நிற்பதுதான் நாங்கள் தேடியது.

அதிகம் பேர் சரியாகச் செய்யாத படி கழுவுவதுதான், நான் இதை அழுத்திச் சொல்வேன். தாளில் இருக்கும் வீழ்படிவு துணிக்கைகளின் குவியல், அதன் இடைவெளிகளில் எல்லாம் அந்த உப்புக் கரைசல் தங்கியிருக்கிறது. கழுவாமல் உலர்த்தினால் நீர் போய்விடும், உப்பு அங்கேயே நின்றுவிடும். அரிசி களைவதுபோல, ஒரே தடவையில் நிறைய நீர் விடுவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை விட்டு, ஒவ்வொரு தடவையும் முழுவதும் வடிய விடுவதே பயன். போதுமா என்று எப்படித் தெரியும்? கடைசியாக வடியும் நீரில் சில துளியைச் சோதனைக்குழாயில் பிடித்து, ஐதான நைத்திரிக் அமிலமும் வெள்ளி நைத்திரேற்றும் விடுங்கள். கலங்கினால் குளோரைட்டு இன்னும் இருக்கிறது, திரும்பக் கழுவுங்கள். தெளிவாக நின்றால் போதும்.

காய்ச்சிவடித்த நீர் தீர்ந்துவிட்டது என்று குழாய்த் தண்ணீரால் கழுவினால் என்ன என்று எங்களூர்ப் பிள்ளைகள் கேட்பதுண்டு. அந்தக் குழாய் பாடசாலைக் கிணற்றிலிருந்துதான் வருகிறது. அந்தத் தண்ணீரிலேயே குளோரைட்டு இருப்பதால் மேலே சொன்ன சோதனை எத்தனை தடவை கழுவினாலும் கலங்கலைத்தான் காட்டும். அதுமட்டுமல்ல, அதே தண்ணீரில் சோடியம் காபனேற்றைக் கரைத்தால், மற்றக் கரைசலைச் சேர்க்கும் முன்னமே அது மங்கலாகும், கிணற்றின் கல்சியம் முந்திக்கொண்டு வீழ்ந்துவிடும். வெள்ளி நைத்திரேற்றை அதில் கலங்காமல் கரைக்கவே முடியாது. மழைத்தண்ணீரைச் சுத்தமாகப் பிடித்து வைத்திருந்தால், காய்ச்சிவடித்த நீர் இல்லாத நேரத்தில் அது கிணற்று நீரைவிட எவ்வளவோ மேல்.

உலர்த்துவது சின்ன வேலை. வடிதாள் இரண்டுக்கிடையில் வைத்து ஒற்றியெடுத்து, இளஞ்சூட்டில் விட்டால் போதும். 'கரைசலை ஆவியாக்கிப் பளிங்காக்குக' என்று இங்கே எழுதினால் புள்ளி போய்விடும், அது கரையும் உப்புகளுக்கான முறை. கடைசியில் நிறுத்துப் பாருங்கள். 0.01 மூல் கல்சியம் காபனேற்று 1.0 கிராம் வர வேண்டும். கொஞ்சம் குறைவது வழமை, தாளிலும் முகவையிலும் ஒட்டிப் போயிருக்கும். 1.0 கிராமைத் தாண்டினால் சந்தோசப்பட வேண்டாம், ஒன்றில் ஈரம் போகவில்லை, அல்லது கழுவல் போதவில்லை.

இரண்டு கரைசல் கலக்காமலும் வீழ்படிவு வரும். மழைநீர் வளியிலும் மண்ணிலும் காபனீரொட்சைட்டை ஏந்திக்கொண்டு எங்கள் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கரையாத கல்சியம் காபனேற்றைக் கரையும் கல்சியம் ஐதரசன்காபனேற்றாக்குகிறது. கேத்தலில் கொதிக்கவைத்தால் காபனீரொட்சைட்டு பறந்துவிடும், காபனேற்று திரும்பி வந்து அடியில் வெள்ளைப் படையாக ஒட்டும். ஆனையிறவு போன்ற உப்பளங்களில் கடல்நீர் வெயிலில் வற்றும்போதும் இதே கதைதான். முதலில் கல்சியம் காபனேற்று, பிறகு கல்சியம் சல்பேற்று, நீர் ஏறத்தாழப் பத்திலொரு பங்காக வற்றும்போதுதான் கறியுப்பு. கரைதிறன் குறைந்தது முந்தி வீழ்கிறது. அதனால்தான் பாத்திகளைத் தனித்தனியாக வைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நீரை மாற்றுகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் உணவுக்கால்வாயை எக்ஸ்ரே எடுக்கமுன் குடிக்கக் கொடுக்கும் வெள்ளைக் கலங்கல் பேரியம் சல்பேற்று. பேரியம் அயன் நஞ்சு, பேரியம் குளோரைட்டை வாயில் வைக்கவே கூடாது. ஆனால் சல்பேற்று கரைவதேயில்லை என்று சொல்லுமளவுக்கு இருப்பதால், அயன் உடம்புக்குள் போக வழியில்லை, வந்த வழியே வெளியேறிவிடும். வீழ்படிவு நன்றாகக் கழுவப்பட வேண்டும் என்று சொன்னது வெறும் புள்ளிக்காக இல்லை என்பது இங்கே தெரியும்.

ஈய அயடைட்டு பார்க்க அழகு. ஈய நைத்திரேற்றில் பொற்றாசியம் அயடைட்டை விட்டால் பளிச்சென்ற மஞ்சள், அதைச் சூடாக்கிக் கரைத்து ஆறவிட்டால் பொன்னிறத் தகடுகளாக மின்னிக்கொண்டு இறங்கும். எல்லா வகுப்பிலும் பிள்ளைகள் இதைத்தான் கேட்பார்கள். செய்யலாம், சோதனைக்குழாயில் சில துளிகளோடு, கையை வடிவாகக் கழுவிக்கொண்டு. ஆனால் செய்து முடிந்ததைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணத்தில் தொட்டியிலிருந்து போவது மண்ணுக்குள் போகும், மண்ணுக்குக் கீழே வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக்கல், அதற்குள் நிற்பது நாங்கள் குடிக்கும் தண்ணீர். ஈயக் கழிவுகளை ஒரு போத்தலில் சேர்த்து, சோடியம் காபனேற்றுக் கரைசலை வேண்டிய அளவு விடுங்கள், கரைசலில் நின்ற ஈயம் ஈயக் காபனேற்றாகக் கீழே வந்துவிடும். போத்தலை மூடி, 'ஈயம்' என்று எழுதி ஒட்டி, ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் கொடுங்கள்.